வெற்று எடை

எல்லோரும் இறங்கிய பிறகும் பஸ் எங்கள் எடையோடுதான் நின்றது. பைபாஸ் ரோட்டு எடைமேடையில், வைகாசி வெயிலில், பாத்திரம் பண்டம், பாய் தலையணை, காஸ் அடுப்பு, குடங்கள், பக்கத்து வீட்டுக் கலாமணி மகனின் தொட்டில் சேலை வரைக்கும் ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரம் குவித்துவிட்டு, நாலு குடும்பத்து ஆட்களும் குழந்தை குட்டிகளும் வரிசையாகப் படியிறங்கி வந்து நின்றபோது, எடை போடும் நல்லசிவம் தன் கூண்டிலிருந்து தலையை நீட்டி, உள்ளே இன்னும் ஆள் இருக்குது, அவங்களையும் இறங்கச் சொல்லுங்க என்றார். யாரும் இல்லை என்று அப்பா சொன்னார். சாமான்கள் இறங்க இறங்கச் சரியாகக் குறைந்துவந்த சிவப்பு எண், ஆட்கள் இறங்கியபோது அசையாமல் எட்டாயிரத்து நானூற்று முப்பதிலேயே நின்றது. கடைசியாக நான் இறங்கியபோது மட்டும் ஐம்பது குறைந்தது.

நல்லசிவம் மேடையைச் சந்தேகப்பட்டு, பின்னால் நின்ற வெங்காய லாரியை ஏற்றிப் பார்த்தார். அது சரியாக இருந்தது. பிறகு எங்களைச் சந்தேகப்பட்டு, மூட்டை நிறுக்கும் சின்னத் தராசில் கலாமணியை ஏறி நிற்கச் சொன்னார். இடுப்பில் குழந்தையோடு ஏறி நின்றாள், முள் நகரவில்லை. அவள் புருஷன் சின்ராசு ஏறினான், அம்மா ஏறினாள், அப்பா ஏறினார், முள் நகரவில்லை. "ஏனுங் மாரப்பண்ணா, உங்களை ஒரு லோடு ஏத்துனா எந்த லாரிக்காரனுக்கும் அபராதமே வராதுங்களே" என்று அப்பாவைப் பார்த்து நல்லசிவம் சிரித்தார், சின்ராசுவும் சேர்ந்து சிரித்தான், அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. சில மாதங்களாகவே உடம்பு லேசாக இருப்பதாகவும், பசியினால் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் அம்மா சொன்னாள். எனக்கு மட்டும் ஏன் எடை கூடவே இறங்கி வந்தது என்று கேட்டதற்கு, நீதான் ஹாஸ்டல்ல இருக்கறயே கண்ணு என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாத நாட்கள் எனக்குக் குறைவு.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் எங்கள் வீடுகள் இருந்தன என்று நான் சொன்னால், அவை ஆக்கிரமிப்புகள் என்று நகராட்சி சொல்லும். இரண்டு பேரும் சொல்வது அதே செங்கலைத்தான். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பொக்லைன் வந்தது. அன்று காலையில் ஒவ்வொருவரும் வழக்கம்போலப் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள், வந்தார்கள், வருவதற்கு இடமில்லை. ஊருக்கு வெளியே, பஸ் போகாத பொட்டலில், தண்ணீர் ஏறாத மாடிகளில் வீடு தருவதாகச் சொன்னபோது மற்றவர்கள் போனார்கள், இந்த நாலு குடும்பம் மட்டும் போகவில்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் அப்பா தகர வேலைக்காரர். பட்டறையில் கேட்பாரில்லாமல் கிடந்த பழைய காலேஜ் பஸ்ஸை நாலு குடும்பமும் சேர்ந்து வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, நாலு தடுப்பு போட்டு, படுக்கைகள் அடித்து, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றி, சமையல் மேடை வைத்து, மூடிக்கிடந்த நூல் மில்லுக்குப் பின்னால் நிறுத்திக் குடியேறினார்கள். குடியேறிய அன்றே அம்மா ஒரு சட்டம் போட்டாள்: படியிறங்கும் யாரும் போயிட்டு வாரேன் என்று பஸ்ஸுக்குள் பார்த்துச் சொல்லாமல் இறங்கக் கூடாது, சும்மா வாயால் சொன்னால் போதாது, மனசை வைத்துச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை திரும்பி வரும்போது வீடு இருந்தே ஆக வேண்டும். அப்படியே சொன்னார்கள். திரும்பி வருவதற்கு அடமானமாக ஆளாளுக்குத் தங்கள் எடையை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார்கள், திரும்பி வந்து ஏறியதும் எடுத்துக்கொண்டார்கள். காரணம் இவ்வளவுதான்.

எடை போடப் போன கதையே வேறு. பஸ்ஸின் முன்கண்ணாடியில் நகராட்சிக்காரர்கள் கேட்பாரற்ற வாகனம் என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனையில் நின்றுகொண்டு அதை ஒட்டியிருக்கிறார்கள். ஆவணி முடிவதற்குள் அகற்றாவிட்டால் இழுத்துப்போய்ப் பழைய இரும்புக்கு உடைத்துவிடுவார்களாம். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் நான் லீவுக்கு வந்தபோது, மனிதர் தங்கி வாழும் வண்டி என்று சட்டத்தில் ஒரு வகையே இருக்கிறது, அப்படிப் பதிந்துவிட்டால் வீட்டைத் தொடுகிறவன் வண்டியையும் வண்டியைத் தொடுகிறவன் வீட்டையும் சேர்த்துத் தொட வேண்டியிருக்கும், தொட மாட்டான் என்று வாதாடி எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். அதற்கு முதல் வேலை, ஆளும் பொருளும் இல்லாமல் வண்டி எவ்வளவு கனக்கிறது என்று நிறுத்து, பதிந்து, கதவுக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதுவது. அதற்குப் பெயர் வெற்று எடை.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் எல்லோரும் சொல்லும் வண்டி ஆய்வாளர் சிவநேசன், வண்டியின் எடை குறித்த வரைபடத்தையும் மேடையில் கொடுத்த எடைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட அறுநூறு கிலோ கூட நிக்குதேம்மா. அடியில என்ன வச்சுக் கட்டியிருக்கீங்க?"

"ஒண்ணும் கட்டலைங்க சார். அது இவங்கதான்."

"இவங்கதான் இங்க நிக்கறாங்களே."

"எடை அங்க நிக்குதுங்க சார்."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். அம்மாவும் கலாமணியும் காற்றுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர் நம்பினார், நம்பியது எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. வரைபடத்தில் இருக்கும் எடையும் மேடையில் வரும் எடையும் ஒத்துப்போக வேண்டும் என்றார். வண்டிக்குள் இருக்கும் அந்த எடைக்கு மேல், படுக்கைக்கு ஓர் ஆள் என்று எங்களை மறுபடி கணக்கில் கூட்ட வேண்டும், கூட்டினால் வண்டி தாங்கும் அளவைத் தாண்டுகிறது என்றார். ஆகக் காகிதத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு முறை கனத்தார்கள், மண்ணில் ஒரு முறைகூடக் கனக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம் சார் என்று கேட்டேன். ஆளை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். இறங்கிவிட்டார்கள் என்றேன். முழுசா இறங்கலையேம்மா என்றார்.

ஊர் எங்களை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் எதையும் எடுத்துக்கொள்ளும். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள், மூன்றாவது வாரம் உபயோகம் கண்டுபிடித்தார்கள். தேங்காய் பறிக்கவும், கிணற்றுக்குள் விழுந்த வாளி எடுக்கவும், கல்யாண மண்டபத்து உச்சியில் சீரியல் பல்பு கட்டவும் பஸ் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள், கனமே இல்லாதவனுக்கு அலுப்பு எங்கிருந்து வரும் என்று கூலியைக் குறைத்துக் கேட்டார்கள். பட்டறையில் அப்பா சுத்தியலால் ஓங்கி அடித்தால் தகரம் வளையாமல் அப்பா பின்னால் போனார், ஆகவே கூட வேலை செய்பவர்கள் முறைவைத்து அவர் பாதத்தின்மேல் தங்கள் பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டார்கள், அது அன்பா அவமானமா என்று அப்பா கடைசிவரை முடிவு செய்யவில்லை. பெண்கள் முந்தானையில் கல்லை முடிந்துகொண்டு ரேஷன் கடைக்குப் போனார்கள். வரிசையில் அவர்களை யாரும் தள்ளுவதில்லை, லேசாக நகர்த்தி வைத்துவிட்டு முன்னால் போய் நின்றார்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தைகளை நிறுக்கும் நாளில் கலாமணி தன் மகனைத் தொங்கு தராசில் உட்கார வைத்தாள். அவன் கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். முள் பூஜ்ஜியத்தில் இருந்தது. பூஜ்ஜியத்தை மேலே அனுப்பினால் கேள்வி கேட்பார்கள் என்பதால், குழந்தை வரவில்லை என்று எழுதிக்கொண்டு, வராத குழந்தைக்குச் சத்துமாவு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். நீ சொல்றது சரிதாம்மா என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பதற்கு எதிராக வாதாட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சின்ராசுவை விளம்பரத் தட்டி கட்டும் காண்டிராக்டர் ஒருவன் பிடித்துக்கொண்டான். சாரம் வேண்டாம், ஏணி வேண்டாம், கயிறு ஒன்று போதும். இடுப்பில் இரண்டு செங்கல் கட்டிக்கொண்டுதான் ஏறுவான். செங்கல் இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று காண்டிராக்டர் அதையும் கழற்றச் சொன்னான். "என்னைய இப்ப என்ற பொண்டாட்டி ஒத்தக் கையில தூக்கி வீசுவாளுங்" என்று சின்ராசு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். மாலையில் வந்து பஸ்ஸில் ஏறியதும் தன் எடைக்குள் தொப்பென்று உட்கார்ந்து, இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் தன் படுக்கையில் சாய்வான், பஸ் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கும், அப்போது மற்ற மூன்று தடுப்பிலும் இருப்பவர்களுக்கு அவன் வந்துவிட்டான் என்று தெரியும்.

ஆடிக் காற்று தொடங்கிய வாரம், ரவுண்டானாவில் வீட்டுமனை விளம்பரம் ஒன்றை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, காற்று துணிக்குள் புகுந்து அதை வயிறுபோல உப்ப வைத்து, கட்டாத மூலையைப் பிடித்திருந்த சின்ராசுவோடு பிய்த்துக்கொண்டு மேலே போனது. டீக்கடையில் நின்றவர்கள் பட்டம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். மில் புகைபோக்கியைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, எங்கள் வீடுகள் இருந்த கரைக்கு மேலாகக் கிழக்கே போனான். சேதி தெரிந்து கலாமணி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் அவன் நிழலைத் தொடர்ந்து ஓடினாள், ஓடிக்கொண்டே முந்தானையில் முடிந்திருந்த கல்லை அவிழ்க்கப் பார்த்தாள், ரோட்டில் பூ விற்றுக்கொண்டிருந்த மூன்று பெண்கள் அவள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் பாய்ந்து அவள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கனம் இருந்தது.

உடல் கிடைக்கவில்லை. கீழே விழுந்ததைப் பார்த்த சாட்சி இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். விழவில்லை, மேலே போனார் என்றோம். விழுந்தால்தான் விபத்தாம். மேலே போனவனுக்கு ஒரு பிரிவும் இல்லை. வேலைக்கு வந்தவன் சொல்லாமல் போய்விட்டான் என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுத்தான். சொல்லாமல் போகவில்லை. அன்று காலையிலும் பஸ் படியில் நின்று உள்ளே பார்த்து மனசார போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான், ஆகவே அவன் போன பிறகும் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேல் பஸ் இறங்கியே நின்றது, கலாமணி குழந்தையை அந்தச் சரிவில் படுக்க வைத்தாள், குழந்தை அப்பாவின் பக்கமாக உருண்டு உருண்டு போய்த் தூங்கியது.

ஆவணி பிறந்ததும் நகராட்சிக்காரர்கள் இழுவை வண்டியோடு வந்து அளவு பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று அம்மா தானாகவே சொன்னாள்: "போயிட்டு வாரேன்னு சொல்ல வச்சது நான்தான். வேற ஒண்ணு சொல்ல வைக்கறதும் நானே செஞ்சுடறேன்." போறேன் என்று சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும் குழந்தை தெரியாமல் அப்படிச் சொன்னால்கூட வாயில் அடி விழும். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த நான் எதிர்த்தேன். மனு போடலாம், தடை வாங்கலாம், வழக்கு நடக்கும்வரை இழுக்க முடியாது என்றேன். வழக்கு முடியும்போது வண்டி இருக்குமா என்று அப்பா கேட்டார். நான் சட்டம் படிக்கிறவள். பதில் எனக்குத் தெரியும்.

மறுபடியும் அதே மேடை, அதே நல்லசிவம். இந்தத் தடவை சிவநேசனும் வந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். சாமான்களை இறக்கிய பிறகு, முதலில் அப்பா, ஏதோ டீ குடிக்கப் போகிறவர் மாதிரி, போறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். எண் அசையவில்லை. மறுபடி ஏறினார். தான் அடித்த ஒவ்வொரு ஆணித்தலையையும் கையால் தடவிக்கொண்டு கடைசித் தடுப்பு வரை போய்த் திரும்பிவந்து, படியில் நின்று, உள்ளே பார்த்து, மெதுவாகச் சொன்னார். தரையில் கால் வைத்ததும் முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டார், தோளில் யாரோ மூட்டையை ஏற்றியதுபோல. எண் எழுபது குறைந்தது. அதன்பிறகு ஒவ்வொருவராக. குழந்தைகளுக்காகத் தாய்மார்கள் சொன்னார்கள். எடை திரும்பக் கிடைத்த குழந்தைகள் மட்டும் தொம் தொம் என்று தார்மேல் குதித்துக்கொண்டிருந்தன, அன்று கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

அம்மா மூன்று தடவை சொல்லியும் எண் இறங்கவில்லை. அப்பா குவித்துவைத்த சாமான்களுக்கு நடுவில் எதையோ பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். ஒரு சட்டியில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு இட்லிக்குங்க" என்றாள் அம்மா, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. "கை பழக்கம். காலையில தன்னால போட்டுட்டேன்."

அவளே சட்டியை எடுத்துப்போய்ச் சாக்கடையோரம் கவிழ்த்தாள், கழுவிக் கமுத்தி வைத்தாள், மறுபடி பஸ்ஸில் ஏறினாள், சொன்னாள், இறங்கினாள். எண் குறைந்தது. அம்மா ஐம்பது கிலோகூட இல்லை.

கடைசியாகக் கலாமணி மகனைத் தூக்கிக்கொண்டு, அவனுக்கும் தனக்குமாகச் சொல்லிவிட்டு வந்தாள். தரையைத் தொட்டதும் அவள் கைகள் தழைந்தன. கீழே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இவன் இத்தனை கனமாகிட்டானா, எனக்குத் தெரியவே இல்லையே என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

எண் ஏழாயிரத்து எண்ணூற்று அறுபதில் நின்றது. வரைபடத்தில் இருப்பது ஏழாயிரத்து எண்ணூறு. அந்த அறுபது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நல்லசிவம்கூடத் தலையைக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டார். உன் வீட்டுக்காரர் சார்பாக நீயே சொல்லிவிடம்மா என்று சிவநேசன் கலாமணியிடம் கேட்டுக்கொண்டார், அதட்டிக் கேட்கவில்லை.

"அவரு எங்கிட்டப் போயிட்டு வாரேன்னுதானுங்க சொல்லிட்டுப் போனாரு" என்றாள் கலாமணி. "நான் எப்படிங்க போன்னு சொல்றது?"

பேச வேண்டிய இடம் அது என்பதால் நான் பேசினேன். தண்ணீர்த் தொட்டியை வெற்று எடையில் சேர்க்கிறீர்கள், சமையல் மேடையைச் சேர்க்கிறீர்கள், படுக்கையைச் சேர்க்கிறீர்கள், ஏன் சார் என்று கேட்டேன். அவை வண்டியோடு பொருத்தப்பட்டவை, கழற்ற முடியாதவை என்றார்.

"கழட்ட முடியாதது எல்லாம் பொருத்தம்தானுங்களே சார்?"

"இதைக் கழட்ட முடியாதுன்னு யாரும்மா சொல்றது?"

"நான் சொல்றனுங்க" என்றாள் கலாமணி. "என்னால முடியாதுங்க."

ஒரு லாரி ஹாரன் அடித்தது. சிவநேசன் வரைபடத்தை விரித்து, தொட்டி, சமையல் மேடை என்ற வரிகளுக்குக் கீழே, இதர பொருத்தம், பின்சக்கரத்தின் மேல், இடப்பக்கம், அறுபது கிலோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஜெயித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒரு அதிகாரியிடம் வாதாடி ஜெயித்தது அதுதான் முதல் முறை.

டிரைவர் சீட்டு வீட்டில் சேராது என்பதால் அப்பா ஓட்டிக்கொண்டு வர, மற்றவர்கள் சாமான்களோடு டெம்போவில் வந்தோம். மில்லுக்குப் பின்னால் அதே இடத்தில் நிறுத்தி, பெயிண்டர் வந்து கதவுக்குப் பக்கத்தில் வெற்று எடை 7860 என்று வெள்ளையில் எழுதினான். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நகராட்சிக்காரனே வந்து சுரண்டி எடுத்தான். இனி அந்த வீட்டை யாரும் அசைக்க முடியாது.

பெயிண்ட் காய்ந்தது. யாரும் ஏறவில்லை. அம்மா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கு முன்னால் நின்றாள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள், காலைத் தூக்கினாள், கீழே வைத்தாள். வீடு உங்கள் எல்லோர் பேரிலும் இருக்கிறது, பதிந்தாகிவிட்டது, சட்டப்படி யாரும் தடுக்க முடியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன், சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

"பேப்பர்ல இருக்குது கண்ணு" என்றாள் அம்மா. "நான்தான் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டனே. ஊட்டுக்காரங்களைக் கேக்காம எப்படி ஏறுறது?"

கலாமணி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, வெளி ஊரிலிருந்து வந்தவள்போல ஒதுங்கி நின்று கேட்டாள்: "சின்ராசு, உள்ள வரலாமா சாமி?"

இடப்பக்கப் பின்சக்கரம் மெல்ல நிமிர்ந்தது. பஸ்ஸுக்குள் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின, பின்னாலிருந்து முன்னால், தடுப்பு தடுப்பாக, கதவு வரைக்கும். கதவுப் பக்கம் வண்டி தழைந்தது. எல்லோரும் காத்திருந்தோம். வா என்று கூப்பிட ஒரு குரல் வேண்டும். அவனிடம் எடை மட்டும்தான் இருந்தது.